சமதர்மமா, பொதுவுடைமையா?

நம் சங்கத்து மேடைகளிலே சமதர்மம், பொதுவுடைமை, சோஷலிசம் என்னும் மூன்று சொற்களும் ஒன்றுக்கு ஒன்று மாற்றாகவே வழங்கிவருகின்றன. கோப்பில் ஒரு சொல் பிறழ்ந்தால் ஆணையே பிறழும் என்றறிந்த எழுத்தர் கூட்டத்தைச் சேர்ந்த நமக்கு இவ்வழக்கு உறுத்துகிறது.

1931 அக்டோபரில் பெரியாரின் 'குடி அரசு' இதழ், மார்க்சும் எங்கெல்சும் 1848இல் வெளியிட்ட கம்யூனிஸ்ட் அறிக்கையைச் 'சமதர்ம அறிக்கை' என்னும் தலைப்பில் தமிழாக்கி வெளியிடத் தொடங்கிற்று. தலைப்பு பொருந்துமா? பொருந்தாது என்றே முதலில் தோன்றும். தம் நூலைச் சோஷலிஸ்ட் அறிக்கை என்று அழைக்க இயலாமற்போன காரணத்தை எங்கெல்சே 1888ஆம் ஆண்டின் ஆங்கிலப் பதிப்பு முன்னுரையில் விளக்கியுள்ளார். 1847இல் சோஷலிசம் நடுத்தர வகுப்பாரின் இயக்கம். கம்யூனிசமோ தொழிலாளரின் இயக்கம். நூலின் மூன்றாம் பகுதி, நிலப்பிரபுக்களின் சோஷலிசம் முதல் ஓவன், ஃபூரியே ஆகியோரின் கனவுச் சோஷலிசம் வரை பல கிளைகளை எடுத்து ஆராய்ந்து குறைகாண்கிறது.

ஆயினும் அத்தலைப்பைப் பிழையென்று தள்ள நாம் ஒருப்படோம். பொதுவுடைமை, நிலமும் ஆலையும் யாருக்கு என்று கேட்கும் சொல். சமதர்மமோ, பிறப்புக்கேற்பக் கடமை வகுத்த மனுதர்மத்தின் எதிரே 'சம' என்பதை நிறுத்தும் சொல். இந்நாட்டில் சாதி வேற்றுமையே முன்நிற்கிறது என்று அவ்வறிக்கைக்கு இதழ் எழுதிய முகவுரையும் கூறிற்று. தலைப்பிட்டவர் அகராதியை மட்டும் பார்த்து எழுதியவரல்லர், ஊரையும் பார்த்திருக்கிறார்.

1932 டிசம்பரில் சிங்காரவேலர் துணையோடு வகுக்கப்பெற்ற ஈரோட்டு வேலைத்திட்டத்தில் இவ்விரு நோக்கும் கைகோத்தன. அக்கூட்டு நெடுநாள் நிலைக்கவில்லை. அரசின் அடக்குமுறைக்குப்பின் பெரியார் சமூகச் சீர்திருத்தத்தையே முன்வைக்க, ஜீவா முதலியோர் பிரிந்தனர். 1934 அக்டோபரில் காங்கிரஸ் சோஷலிஸ்டுகள் மாநாடு கூட்டியது நம் மும்பையிலேதான். 1955இல் ஆவடி காங்கிரஸ் 'சோஷலிச மாதிரிச் சமுதாயம்' என்று தீர்மானித்தபின் அச்சொல் எல்லோர்க்கும் இனிதாயிற்று. எல்லோர்க்கும் இனிதான சொல்லில் கூர்மை ஏது?

சில ஆண்டுகளுக்கு முன், மாட்டுங்காவில் நாம் கேட்ட ஒரு சொற்பொழிவின் முடிவில், தாராவியின் தோல் பதனிடும் பட்டறையொன்றில் இளமையைக் கழித்த நெல்லைப் பெரியவர் எழுந்தார். "ஐயா, பட்டறை பொதுவாகும் என்கிறீர்கள், சரி. தோல் ஊறும் தொட்டியில் இறங்குவதும் பொதுவாகுமா?" என்றார்.

பேச்சாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.