மையமின்மையும் குழப்பமும்

மையமில்லாத சமூக வலைகளைப் பற்றி நம் எழுத்தாளர்கள் சொல்லும் முதல் புகார், அவை குழப்புகின்றன என்பது. குழப்பம் என்ற ஒரே சொல்லின் கீழ் இரண்டு வேறு விஷயங்கள் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காதவரை பரிகாரமும் தவறாகத்தான் இருக்கும்.

2019ல் நடந்ததை எடுத்துக்கொள்வோம். உச்சநீதிமன்ற வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை ட்விட்டர் முடக்கியது. காரணங்களில் ஒன்று, ஹிந்திக் கவி கோரக் பாண்டேயின் கவிதையொன்றை அவர் பகிர்ந்தது. தூக்குத் தண்டனையை எதிர்த்து எழுதப்பட்ட கவிதை நிறுவனத்தின் கண்ணுக்கு விதிமீறலாகப் பட்டது. கவிதை வாசிக்கத் தெரியாத வாசல்காவலனிடம் நம் பேச்சு முழுவதையும் ஒப்படைத்திருக்கிறோம் என்பது பலருக்கு அன்று உறைத்தது. நவம்பரில் கூட்டமாக மஸ்டடானுக்குப் போனார்கள். 2016ல் ஜெர்மனியில் ஆய்கன் ரோக்கோ தொடங்கியது அது. வெகு சீக்கிரத்தில் அலை அடங்கிவிட்டது. எந்த சர்வரில் சேர்வது, நண்பனை எங்கே தேடுவது, ஏன் யாரும் பதில் சொல்வதில்லை என்ற முணுமுணுப்புத்தான் மிஞ்சியது.

இதில் முதல் வகைக் குழப்பம் வெறும் பரிச்சயமின்மை. ராஜபாளையத்தில் ஒரு வங்கியில் கணக்கு வைத்திருப்பவன் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக் கடையில் யுபிஐயில் பணம் கொடுக்கிறான். கடைக்காரரின் வங்கி வேறு, செயலியும் வேறு. பெயர், நடுவில் ஒரு குறி, பிறகு அந்த முகவரியை வழங்கிய சேவையின் அடையாளம்: முகவரி இவ்வளவுதான். மஸ்டடான் முகவரியும் இதே அமைப்பு, அந்தச் சேவையின் இடத்தில் சர்வர். டபிள்யூ3சி என்ற வலைத்தர அமைப்பு 2018ல் ஏற்ற ஆக்டிவிட்டிபப் என்னும் பொதுவிதிப்படி ஒரு சர்வர் இன்னொன்றுக்குச் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. கவுண்டரில் நிற்கும் பாட்டிக்கு கிளியரிங் விளங்கவேண்டிய அவசியமில்லை. செக் பாஸானால் போதும். இந்தக் குழப்பத்தைப் பத்து நிமிஷத்தில் தீர்க்கலாம், தீர்க்கவும் வேண்டும்.

இரண்டாவது அப்படியல்ல. இந்த வீட்டை நடத்துவது யார்? எந்தப் பேச்சை அவர் வெளியேற்றுவார்? அவர் அலுத்துப்போய் மூடிவிட்டால் என் எழுத்து என்னாகும்? மஸ்டடானில் வேறு சர்வருக்கு மாறினால் பின்தொடர்பவர்களைக் கூட்டிப்போகலாம். எழுதியதைக் கொண்டுபோக முடியாது. இவை கேட்டே ஆகவேண்டிய கேள்விகள். ஃபேஸ்புக்கில் இவை நம்மைத் தொந்தரவு செய்யவில்லையென்றால், அங்கே கேட்க ஆளில்லாமல் நாம் பழகிவிட்டோம் என்று அர்த்தம்.

2023 மே மாதம் மஸ்டடான் தன் செயலியை மாற்றியது. புதிதாக வருகிறவனை முதலில் தன் சொந்த சர்வரான மஸ்டடான்.சோஷியலுக்கு அழைத்தது. வேண்டுமானால் வேறு தேர்ந்துகொள்ளலாம். ஆனால் வருகிறவன் முதல் பொத்தானைத்தான் அழுத்துவான். முதல் குழப்பத்தோடு இரண்டாவதையும் சேர்த்துத் துடைத்த காரியம் இது. யுபிஐயும் இங்கே ஓர் எச்சரிக்கை. எந்தச் செயலியும் எதனோடும் பேசலாம் என்றிருந்தும் 2024ல் 80 சதவீதத்துக்கு மேற்பட்ட பரிவர்த்தனைகள் இரண்டே செயலிகள் வழியாக நடந்தன. விதி மையத்தை மறுத்தாலும் சோம்பல் ஒன்றைக் கட்டிக்கொள்கிறது.

அப்படியானால் ஆட்களை வரவழைப்பது எப்படி? ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே முன்மாதிரி இருக்கிறது. திருப்பாவையின் 30 பாசுரங்களில் 6 முதல் 15 வரை, தோழியரை எழுப்புவதிலேயே செலவாகின்றன. மூன்றில் ஒரு பங்கு. ஆண்டாள் ஊர் நடுவில் நின்று அறிவிப்புச் செய்யவில்லை. வீடு வீடாகப் போகிறாள். ஒவ்வொருத்தியிடமும் வேறு பேச்சு. 15வது பாசுரத்தில் உள்ளே இருப்பவள் திருப்பிப் பேசுகிறாள். எல்லோரும் வந்தாயிற்றா என்று அவள் கேட்க, நீயே வந்து எண்ணிக்கொள் என்கிறார்கள். பங்கேற்பைப் பற்றி இதைவிடக் கூர்மையாகச் சொல்ல முடியுமென்று தோன்றவில்லை. வெளியே நின்று எண்ணிக்கை கேட்பவனுக்கு எந்தச் சபையும் காலிதான்.

நடை சேலத்திலிருந்து 1968லும் கசடதபற சென்னையிலிருந்து 1970லும் கொல்லிப்பாவை 1976லும் மீட்சி உதகையிலிருந்து 1983லும் வந்தன. இவற்றுக்குத் தலைமையகம் கிடையாது. ஒன்றைப் படித்தவன் தபால் அட்டையில் இன்னொருவனுக்கு முகவரி எழுதினான். மூடப்படும் சர்வர்களைப் போலப் பல பத்திரிகைகள் நின்றும் போயின. ஆனால் முகவரிகள் கைவசம் இருந்ததால் வாசகன் அனாதையாகவில்லை.

ஆகவே தமிழில் ஒரு சர்வர் நடத்த முன்வருபவர் செய்யவேண்டியது அதிகமில்லை. நடத்துபவரின் பெயர், செலவு, விதிகள், மூடுவதற்கு எத்தனை மாத முன்னறிவிப்பு என்பவற்றை முதல் பக்கத்தில் தமிழில் எழுதி வைக்கவேண்டும். பின்தொடரத் தகுந்த இருபது பெயர்களை, ஏன் என்ற ஒரு வரியோடு தரவேண்டும். புதிதாக வந்தவன் எழுதிய முதல் பதிவுக்கு மறுநாளுக்குள் யாராவது ஒருவர் பதில் எழுதவேண்டும். முதலிரண்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. மூன்றாவதை எந்த யந்திரமும் செய்து தராது.

அங்கே யாரும் பதில் சொல்லவில்லை என்று திரும்பி வந்த எழுத்தாளர்கள், இருந்த நாட்களில் தாங்கள் எத்தனை பேருக்குப் பதில் சொன்னார்கள் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.