வாளியும் அரசாணையும்

உரோமைப் பேரரசின் அமைதியைப் பற்றி எழுதுவோர் படையணிகளையும் நெடுஞ்சாலைகளையுமே பெரிதும் புகழ்வர். அவ்வமைதி நாள்தோறும் எவ்வாறு பேணப்பட்டது என்பதை அறிய, இளைய பிளினியின் கடிதங்களுள் பத்தாம் நூலைப் படித்தல் வேண்டும். ஏறத்தாழ கி.பி. 110 முதல் 112 வரை, பித்தினியா-போந்து மாநில ஆளுநராக அவர் பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதங்களும், பேரரசரின் மறுமொழிகளும் அந்நூலின் பெரும்பகுதி. பேதுருவின் முதல் திருமுகத் தொடக்கத்தில் நாம் காணும் அதே போந்தும் பித்தினியாவுமே இவை.

பிளினி தாமே வெளியிட்ட முந்தைய ஒன்பது நூல்களின் மெருகு இதில் இல்லை; அதுவே இதன் சிறப்பு எனக் கருதுகிறோம். நிக்கொமேதியா நகரத்தார் நீர்க்கால்வாய் ஒன்றுக்கு 33,18,000 செஸ்தர்சுகளைச் செலவிட்டு, முடிக்காமலே கைவிட்டனர். அடுத்த முயற்சியில் மேலும் 2,00,000 வீணாயிற்று. நகருக்கு நீர் வந்தாக வேண்டும், பணம் யாரால் பாழாயிற்று என்பதும் வெளிவர வேண்டும் என்கிறார் டிராஜன். தொலைவிலிருந்து கணக்குக் கேட்கும் இந்த அரசை மதிக்காதிருக்க நம்மால் இயலவில்லை.

அதே நகரில் பெருந்தீ மூண்டது. மக்கள் கைகட்டி வேடிக்கை பார்த்தனர். பொதுவில் ஒரு வாளிகூட இல்லை. 150 பேருக்கு மேற்படாத தீயணைப்புக் குழு ஒன்றை அமைக்கலாமா எனப் பிளினி கேட்கிறார். டிராஜன் மறுக்கிறார். கருவிகள் இருக்கட்டும், சங்கம் வேண்டா. எப்பெயரில் கூடினாலும் அவர்கள் விரைவில் அரசியல் கும்பலாவர் என்பது அவர் அச்சம். அமிசுஸ் நகருக்கு மட்டும் அதன் ஒப்பந்த உரிமையால் உதவிச் சங்கங்கள் வைத்துக்கொள்ள இசைவு கிடைத்தது. அதுவும் ஏழையர்க்கு உதவவே, கலகத்துக்கன்று என்ற நிபந்தனையுடன்.

கூடுதல் குறித்த இந்த அச்சத்தை மனத்திற்கொண்டே, கிறிஸ்தவர் பற்றிய புகழ்பெற்ற கடிதத்தைப் படித்தல் முறை. சங்கத் தடைக்குப் பின் தாங்கள் சேர்ந்துண்பதையே விட்டுவிட்டதாக விசாரிக்கப்பட்டோர் கூறினர் என அதில் காண்கிறோம். டிராஜனின் விடையில் நீதியுணர்வு உண்டு: பெயரில்லா மனுக்களை ஏற்கலாகாது, கிறிஸ்தவரைத் தேடிப் பிடிக்கவும் வேண்டா. ஆயினும் குற்றம் சாட்டப்பட்டு உறுதியாகி, உரோமைத் தெய்வங்களை வணங்க மறுப்போர் தண்டனை பெறவேண்டும். குற்றவாளியாயின் ஏன் தேடக்கூடாது, குற்றமற்றவராயின் ஏன் தண்டிக்க வேண்டும் என்று தெர்த்துல்லியன் பின்னாளில் எழுப்பிய வினாவுக்கு இக்கடிதத்தில் விடையில்லை.

நம்மை உறுத்துவது மற்றொன்று. உண்மையறிய, சபையில் பணிவிடைப் பொறுப்பிலிருந்த இரு அடிமைப் பெண்களை வதைத்ததாகப் பிளினி ஒரே வாக்கியத்தில் எழுதிச் செல்கிறார். கால்வாயின் செலவைத் தொகை தவறாமல் குறித்த அந்தக் கை, அப்பெண்களின் பெயர்களைக் குறிக்கவில்லை.