ஊரும் நெஞ்சும்: திருவாய்மொழியில் தொடரமைப்பு

நம்மாழ்வார் அருளிய திருவாய்மொழியின் 1,102 பாசுரங்களுள் ஒரு பகுதி பராங்குச நாயகியின் நிலையில் எழுந்தது. தலைமகள், தாயார், தோழி ஆகிய மூவரின் பேச்சாக அப்பாசுரங்கள் அமைகின்றன. அழகியமணவாளப் பெருமாள் நாயனாரின் ஆசார்ய ஹ்ருதயம் இம்மூவரையும் ஆழ்வாருடைய ஒரே உணர்வின் மூன்று நிலைகளாக வகுக்கும். சம்பந்தத்தில் உணர்த்தி தோழி. உபாயத்தில் துணிவு தாயார். பலத்தில் பதற்றம் மகள். இவ்வகுப்பை ஏற்பார்க்கு ஒரு வினா எழுவது இயல்பு. மூவரும் ஒருவரே எனின், மகளைக் கடியும் தாயும் அலர் தூற்றும் ஊரும் வெறும் அலங்காரந்தானோ? இதற்கு விடை தத்துவ விளக்கத்தில் மட்டுமன்றிப் பாசுரங்களின் அந்வயத்திலும் கிடைக்கிறது.

ஐந்தாம் பத்தின் மூன்றாம் திருவாய்மொழி மடலூரத் துணிந்த மகளின் பேச்சு. கேட்பவள் தோழி. அதன் நான்காம் பாசுரத்தில் ஊரார் பழிமொழி எருவாகவும் தாயின் சொல் நீராகவும் உருவகம் பெறுகின்றன. இவ்வுருவகம் திருக்குறளின் அலரறிவுறுத்தல் அதிகாரத்திலும் (குறள் 1147) உண்டு. கருத்து ஒன்றெனத் தோன்றினும் தொடர் முடிபு வேறு. குறளில் நோயே எழுவாய். அது தானே வளர்கிறது. வளர்ப்பவன் ஒருவன் சுட்டப்படவில்லை. பாசுரத்திலோ எருவிடுதலும் நீர் பாய்ச்சுதலும் வினையெச்சங்களாய் நின்று, விளைவித்தலைக் குறிக்கும் பெயரெச்சத்தைச் சார்கின்றன. அப்பெயரெச்சம் கண்ணனைக் கொண்டு முடிகிறது. நெஞ்சாகிய நிலத்தில் காதலைப் பயிரிட்ட உழவன் அவன். ஊருக்கும் அன்னைக்கும் அத்தொடரில் எழுவாயாகும் இடமே இல்லை. தம் சொல்லால் மகளை மீட்கலாம் என்று அவர்கள் கருத, அச்சொல்லே அவன் கைப்பட்ட எருவும் நீருமாகிறது. கண்ணனை நம்முடையவன் என்று மகள் சொல்லும் உளப்பாட்டுத் தன்மையில் தோழி அடங்குகிறாள்; ஊர் புறத்தே நிற்கிறது.

அடுத்த பாசுரத்தில் இவ்வமைப்பு இன்னும் தெளிவாகிறது. அவன் கடியவன், கொடியவன் என்று பிறர் சொல்லத்தக்க குற்றங்களை மகள் மறுக்கவில்லை. அவை அனைத்தையும் 'ஆகிலும்' என்னும் ஒரு சொல்லுக்குள் அடக்கிவிடுகிறாள். முற்றுவினை அவள் நெஞ்சுக்கே உரியது. நெஞ்சு அவனையே பற்றிக் கிடப்பதாகச் சொல்லி முடித்த பின்னரே அன்னை வருகிறாள். அதுவும் விடை வேண்டாத ஒரு வினாவில்.

ஆறாம் திருவாய்மொழியில் பேசுபவள் தாய். மகள் எம்பெருமானாகவே தன்னைக் கருதிப் பேசும் இந்நிலையை உரைமரபு அநுகாரம் என்று வழங்கும். உலகைப் படைத்தது முதலாய அவன் செயல்களைத் தன் செயல்களாக மகள் கூற, தாய் அவற்றை 'என்னும்' என்று மட்டும் முடித்து உலகத்தார்முன் வைக்கிறாள். மகளின் 'யான்' தாயின் வாயிலும் 'யான்' என்றே நிற்கிறது. அதைப் படர்க்கையாக மாற்றிச் சொல்லியிருந்தால் மகளின் சொல் தாயின் கணிப்பாகிவிடும். தாய் தன் சொல்லாகக் கூறுவது 'கொலோ' என்னும் ஐயத்தையும் என்ன சொல்வேன் என்னும் கையறவையும் மட்டுமே. மகளின் சொல்லைச் சுமந்து வர அவளால் இயல்கிறது. அதற்குள் புக இயலவில்லை.

ஆக, மகளின் பேச்சில் ஊர் எச்சத்துக்குள் ஒடுங்குகிறது. தாயின் பேச்சில் மகளின் உள்ளம் மேற்கோளுக்குள் காக்கப்படுகிறது. இரு திசையிலும் எல்லையை வகுப்பது தொடரமைப்பே. இதை ஆசார்ய ஹ்ருதயத்தின் வகுப்போடு பொருத்தினால் முன்னைய வினா தீர்கிறது. அவனே உபாயம் என்ற துணிவு ஆறியிருக்கச் சொல்கிறது; பலத்தில் எழுந்த பதற்றம் ஆறியிருக்க மாட்டாது. இரண்டும் ஆழ்வார் திருவுள்ளத்தில் மெய்யாகவே உள்ளவை. ஒன்று மற்றொன்றை அழிப்பதில்லை. தாயை வெறும் குறியீடாகக் கொண்டால் அவளுடைய கையறவு பொருளற்றுப் போகும். உலகியல் தாயாக மட்டும் கொண்டால் ஆழ்வாரின் ஒருமை சிதையும். பாசுரத்தின் எழுவாயையும் முடிபையும் முதலில் தெளிந்து, பின்னர் ஸ்வாபதேசம் கொள்ளுமிடத்து இவ்விரு குறைகளும் நேரா.