மூன்று மில்லிமீட்டர் செம்பு போதுமா?

அணு உலையில் எரிந்து முடிந்த யுரேனியத்தை எஃகுக் கலத்திலிட்டு, அதன்மேல் 3 மி.மீ. செம்பு பூசி, பாறைக்குள் பல நூறு மீட்டர் ஆழத்தில் புதைப்பது கனடாவின் திட்டம். செம்பு நிலைக்குமா என்று கேட்டால், வழக்கமாக ஒரு விடை கிடைக்கும்: அமெரிக்காவின் மிச்சிகன் பகுதியில் இயற்கைச் செம்பு ஏறத்தாழ 100 கோடி ஆண்டுகளாகப் பாறையில் அப்படியே கிடக்கிறதே!

இவ்விடை எனக்கு நிறைவளிக்கவில்லை. எஞ்சிய செம்பைத்தான் நாம் காண்கிறோம். கரைந்துபோன செம்பு சாட்சி சொல்ல வருவதில்லை அன்றோ?

வலுவான வாதம் வேறிடத்தில் உள்ளது. புதைகுழியில் அகப்பட்ட உயிர்வளி விரைவில் தீர்ந்துவிடும். அதன்பின் செம்பின் பகை சல்ஃபைடுதான். (வெள்ளிக் கொலுசு கறுப்பதும் கந்தகத்தின் வேலையே.) நுண்ணுயிர்கள் உண்டாக்கும் சல்ஃபைடு, கலத்தைச் சூழ்ந்த இறுகிய பென்டோனைட் களிமண்ணில் ஊர்ந்து வந்தாக வேண்டும். அந்த மந்த நடைதான் செம்பின் காவல். இப்படிக் கணக்கிட்டுத்தான், 10 லட்சம் ஆண்டுகளில் 1.27 மி.மீ.க்கு மேல் அரிக்காது என்கிறார்கள். இக்கணக்கை நான் ஏற்கிறேன்.

ஆனால் அது குறையற்ற பூச்சுக்கான கணக்கு. துத்தநாகம் பூசிய வாளியில் கீறல் விழுந்தால், துத்தநாகம் தன்னை அழித்துக்கொண்டு இரும்பைக் காக்கும். செம்போ நேர்மாறானது. பூச்சில் ஊசித்துளை விழுந்து ஈரமும் உயிர்வளியும் எட்டினால், செம்பைத் தொட்டிருப்பதாலேயே எஃகு மேலும் விரைவாக அரிக்கும்.

குறை எங்கே நேரலாம்? கலத்தின் உடலுக்குத் தொழிற்சாலையில் நிதானமாக மின்முலாம் பூசலாம். மூடியைப் பற்றவைத்த இடத்துக்கோ, எரிபொருளை உள்ளே வைத்த பின்னரே பூச முடியும். கதிர்வீச்சினால் மனிதர் நெருங்க முடியாத அறையில், செம்புத்தூளை உருக்காமலே மிகுந்த வேகத்தில் எறிந்து ஒட்டவைக்கும் தெளிப்பு முறையில், எந்திரக் கைகள் அதைச் செய்ய வேண்டும். வாசகர்களே, உங்கள் ஐயத்தை இந்தத் தையலின்மேல் வையுங்கள்.

சுவீடனின் திட்டத்தில் செம்புச் சுவரின் கனம் 5 செ.மீ. அதற்கே 2018இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் நீதிமன்றம், செம்பின் அரிமானம் பற்றிய ஐயங்கள் தீரவில்லை என்றது. 2022இல்தான் அரசு இசைவளித்தது. அச்சுவரில் 1 மி.மீ. ஆழக் குறை ஒரு பொருட்டன்று. 3 மி.மீ. பூச்சில் அதே குறை இருந்தால், அரிமானத்துக்கு ஒதுக்கியது போக, அவ்விடத்தில் மிஞ்சுவது 0.73 மி.மீ. மட்டுமே.