சொல் நீங்கிய இசை: பிரசன்னாவின் மின்கிதார்

இசைத்தமிழை ஆராயப் புகுவார் பெரும்பாலும் பாட்டின் சொல்லை ஆராய்ந்து அமைவர். சொல்லே இல்லாத இசைக்குப் பொருள் உண்டோ என்னும் வினா அரிதாகவே எழுகின்றது. அவ்வினாவை எழுப்பும் கலைஞர் ஒருவர் நம் ஆற்காட்டுப் பகுதிக்கே உரியவர். பாலாற்றின் வடகரையில், தோல் பதனிடுதலாற் பெயர்பெற்ற இராணிப்பேட்டையைச் சார்ந்த ஆர். பிரசன்னா, மின்கிதாரிற் கருநாடக இசை வாசிப்பவர். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும், பாஸ்டன் நகரத்துப் பெர்க்லி இசைக் கல்லூரியிலும் பயின்றவர்.

கிதாரிற் கமகம் எழுப்புதல் எளிதன்று. வீணையிற் போலவே இதிலும் நரம்பைப் பக்கவாட்டில் இழுத்தாற் சுரம் ஏறுமேயன்றி இறங்காது. இறக்க வேண்டின், முன்னரே இழுத்துவைத்த நரம்பை மெல்ல நெகிழ்த்தல் வேண்டும். அன்றேல் விரலை வழுக்கிக் கொணர்தல் வேண்டும். மீட்டிய ஒலி விரைந்து தேயும் குறையை மின்பெருக்கி நீக்குதலின், ஒரே மீட்டிற் பல அசைவுகள் அமைகின்றன. மின் மாண்டலினில் இதனை முன்னரே நிலைநாட்டியவர் உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014).

அவர் கீர்த்தனை வாசிக்குங்கால், நம் நெஞ்சிற் பதிந்த சாகித்தியமும் உடன் ஒலிக்கின்றது. 2006இல் வந்த 'எலக்ட்ரிக் கணேஷா லேண்ட்' தொகுப்பில் அத்துணை இல்லை. அது ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்குச் செய்த வணக்கம். அவர்தம் 1968ஆம் ஆண்டுத் தொகுப்பின் பெயரைத் திரித்தே இப்பெயர் இடப்பட்டது. 1960களின் இறுதியில் இங்கிலாந்தில் உருப்பெற்ற 'புரோகிரசிவ் ராக்' என்னும் நெடிய, தாளம் மாறிவரும் இசையின் சாயலும் இதன்கண் உண்டு. 'திருவல்லிக்கேணியில் டார்க் சண்டே' என்ற பொருள்பட ஓர் உருப்படிக்குப் பெயர். கிழமையையும் குளிர்ந்த இனிப்பையும் ஒருங்கே சுட்டும் சிலேடை அது! இசையினின்று நீங்கிய சொல் தலைப்பிற் புகுந்துகொண்டது போலும்.

இனி, சுவை. புதுமையும் மருட்கைக்கு ஒரு நிலைக்களன் என்பது தொல்காப்பியர் கொள்கை. இத்தொகுப்பில் விரல்கள் மிக விரையும் இடங்கள் மருட்கையே பயப்பன. புதுமையாற் பிறந்த அம்மருட்கை மறுமுறை கேட்குங்கால் தேய்கின்றது. இக்குறை கிதாரின் விரைவையே நம்பும் மேனாட்டார் பலர்க்கும் பொது. ஆனால், இழுத்த நரம்பு நெகிழ்ந்து ஒரு சுரம் மற்றொன்றில் மெல்ல அமரும் இடங்கள் அத்தகையன அல்ல. சொல்லின் துணையின்றியே இராகத்தின் உருவம் அங்கே தோன்றுகின்றது. மூன்றாம் முறை கேட்டபோதும் யான் காத்திருந்தது அந்நெகிழ்வுக்கே.