ஆசை எந்தக் காலில் நிற்கிறது?

புனேயிலிருந்து லோனாவ்லா லோக்கலில் போய்ப் பழகியவர்களுக்கு வரிசை மனப்பாடம். தேஹு ரோடு, பேக்டேவாடி, கோராவாடி, அப்புறம் தளேகாவ். தேஹு துக்காராமின் ஊர். கடை, கணக்கு, சொத்து எல்லாவற்றையும் உதறிவிட்டு விட்டலனைப் பாடியவர். தளேகாவைத் தாண்டி நாலாவது நிறுத்தம் மளவ்லி. அங்கே இறங்கி வடக்கே மலையேறினால் கார்லா குகை. உள்ளே நுழையும் முன்பே, முகப்புச் சுவரில் ஆணும் பெண்ணும் அணைந்து நிற்கிறார்கள். இரண்டு ஊர்களுக்கும் ஒரே ஆறு, இந்திராயணி. ஆசையை விட்டவருக்கும் ஆசையைக் கல்லில் நிறுத்தியவர்களுக்கும் நடுவே கிடக்கிற தளேகாவில் உட்கார்ந்து, கலை படிக்கும் பிள்ளைகளிடம் "மனித ஆசை" என்று தலைப்புக் கொடுத்துச் சிற்பமும் ஓவியமும் செய்யச் சொல்வதன் நல்லது கெட்டதை யோசிப்பது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

தலைப்புக் கொடுத்துப் படைக்கச் சொல்லும் முறை இன்று மும்பை, புனே, சென்னை எங்கும் பரவிவிட்டது. ஆசிரியர் ஒரு சொல்லைத் தருவார். மாணவர் ஸ்கெட்ச் புக்கை நிரப்பி, சில படைப்புகள் செய்து, கூடவே ஒரு கான்செப்ட் நோட் எழுதி, டிஸ்ப்ளே வைத்து, ஜூரி முன் நின்று விளக்க வேண்டும். அந்தச் சொற்களில் ஆசைக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு.

இதன் பலத்தை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பத்தொன்பது வயதுப் பிள்ளையிடம் நம் வீடுகளில் மார்க் எவ்வளவு, வேலை எப்போது என்று கேட்பார்கள். உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறவர்கள் குறைவு. கேள்வியாகவே அதைக் கேட்டு, பதிலைக் கையால் செய்து காட்டச் சொல்லி, அதற்கு மதிப்பெண்ணும் போடுகிற இடம் கலை வகுப்புதான். இங்கே வந்து சேர்வதற்கு நம் கல்லூரிகள் வெகுதூரம் நடந்திருக்கின்றன. சென்னைக் கலைப்பள்ளி 1850-இலும் பம்பாய் ஜே. ஜே. பள்ளி 1857-இலும் தொடங்கியபோது கைவினையும் அலங்கார வேலையும் பார்த்து வரைதலுமே பாடம். ஐரோப்பியச் சிலைகளின் பிளாஸ்டர் படிகளை முன்னால் வைத்துப் பிசகாமல் வரைய வேண்டும். உயிருள்ள உடலைப் பார்த்து வரையும் வகுப்பு பம்பாயில் வேரூன்றியதே முதல் உலகப் போர் முடிந்த பிறகு, அந்தப் பள்ளியை நடத்திய கிளாட்ஸ்டன் சாலமன் காலத்தில். அந்தப் படிச்சிலையிலிருந்து "உன் ஆசையைச் செய்" வரைக்கும் வந்ததைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை.

பிரச்சினை அடுத்த அடியில் இருக்கிறது. ஆசை என்று சொன்னதும் குறியீட்டுக் கடை திறந்துவிடுகிறது. விளக்கைச் சுற்றும் விட்டில், கதவு திறந்த கூண்டு, முகமூடி, சங்கிலி, மேலே நீளும் கை, பாதி கடித்த ஆப்பிள். (மாம்பழத்துக்குப் பேர்போன மாநிலத்தில் ஆப்பிள் எந்தத் தோட்டத்திலிருந்து வருகிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.) சிற்பம் என்றால் பெரும்பாலும் தலையில்லாத பெண் உடல், மார்பிலிருந்து தொடை வரைக்கும். ஆசைக்கு இலக்கானவள் இருக்கிறாள், ஆசைப்படுகிறவனைக் காணோம். அவளுக்கு என்ன ஆசை என்ற கேள்வி தலையோடு சேர்ந்து போய்விட்டது.

தலைப்பே கொஞ்சம் குற்றவாளி. 'டிசையர்' என்ற ஒற்றைச் சொல்லைக் கொடுத்தால் பிள்ளைகள் இரண்டு பக்கம்தான் ஓடுவார்கள்: ஒன்று காமம், இல்லாவிட்டால் பேராசை. முதலாவதற்கு வெட்கம், இரண்டாவதற்கு உபதேசம். தமிழில் ஆசை, அவா, வேட்கை, ஏக்கம், நசை என்று எத்தனை படிகள். வள்ளுவர் 'அவா அறுத்தல்' என்று ஓர் அதிகாரம் எழுதிவிட்டு, அதே நூலில் காமத்துக்கு இருபத்தைந்து அதிகாரங்கள் ஒதுக்கினார், இரண்டையும் குழப்பிக்கொள்ளவில்லை. மராட்டியிலும் இச்சா வேறு, வாசனா வேறு, ஹாவ் வேறு. அங்கே 'ஓட்' என்று இன்னொரு சொல் உண்டு. மனம் ஒன்றின்பால் போவதைச் சொல்வது. இழுப்பு என்பது அதன் நேர்ப்பொருள். சிற்பம் படிக்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல தலைப்பு கிடைக்காது. இழுப்பு என்றால் உடனே கேள்வி பிறக்கிறது: யார் இழுக்கிறார், யார் சாய்கிறார், எடை எந்தக் காலில் இறங்குகிறது?

மாணவப் பருவத்துக் கை ஒன்று இந்தக் கேள்விக்குச் சொன்ன பதிலைப் பார்க்கலாம். கமீல் குளோதெல், பிரெஞ்சுச் சிற்பி ரோதேனிடம் மாணவியாகவும் உதவியாளராகவும் இருந்தவர். 1888-இல் பாரிஸ் சலோன் கண்காட்சியில் பிளாஸ்டரில் ஒரு சிற்பம் வைத்தார். அப்போது அவருக்கு வயது 23. பெயர் சகுந்தலை. ஆம், காளிதாசனின் சகுந்தலைதான். பிரிந்தவர்கள் மறுபடி சேரும் கட்டம். துஷ்யந்தன் மண்டியிட்டு அவளை அணைக்கிறான். அவள் நிற்கவும் முடியாமல் விழவும் முடியாமல் அவன்மேல் சரிகிறாள். அவள் தலை அவன் தலையோடு சாய்ந்திருக்கிறது. அவளுடைய எடை அவள் காலில் இல்லை என்பதைப் பார்த்த மாத்திரத்தில் நம் உடம்பு உணர்ந்துகொள்கிறது. மன்னிப்பு, களைப்பு, வேட்கை மூன்றும் அந்தச் சரிவுக்குள்ளேயே இருக்கின்றன. கூண்டும் இல்லை, சங்கிலியும் இல்லை. பின்னால் இதே சிற்பம் பளிங்கில் ரோமானியத் தெய்வ இணையின் பெயரோடும், வெண்கலத்தில் 'தன்னை ஒப்புவித்தல்' என்று பொருள்படும் பெயரோடும் வந்தது. பெயர் இரண்டு முறை மாறியும் சிற்பம் சொல்வது மாறவில்லை. கான்செப்ட் நோட்டுக்குப் பக்கம் பக்கமாகக் கேட்கிறவர்கள் இதை ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.

நமக்கு இது புதிதும் இல்லை. தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியல் முழுவதும் இந்த வேலைதான்: உள்ளே நடப்பதை வெளியே உடம்பில் எங்கே பார்ப்பது. ஆசை வந்தவள் கூந்தலை அவிழ்த்து விரிக்கிறாள், காதணி ஒன்று கழன்றுபோகிறது, போட்டிருக்கும் நகையைத் தடவிப் பார்க்கிறாள், சரியாகத்தான் உடுத்தியிருக்கும் ஆடையை மறுபடி திருத்திக்கொள்கிறாள். இவற்றில் எதையும் சார்கோலில் பத்து நிமிடத்தில் பிடிக்கலாம். கவிதைக்காக எழுதிய இலக்கணம், ஆனால் ஸ்கெட்ச் புக் வைத்திருக்கிறவருக்கு இதைவிட நல்ல பட்டியல் கிடையாது.

அதனால்தான் இந்த முறையில் ஓவியம் ஜெயிக்கிற அளவுக்குச் சிற்பம் ஜெயிப்பதில்லை என்று நினைக்கிறேன். வரைகிற கைக்கு அவசரம் உதவும். கோடு தப்பினால் தப்பிய கோடும் தாளில் இருக்கும். பெருவிரலால் கரியைத் தேய்த்த இடத்தில் தயக்கம் தெரியும். ஜூரிக்காகச் சட்டம் போட்டு மாட்டிய படத்தைவிட ஸ்கெட்ச் புக்கின் நடுப்பக்கத்தில் எழுபது சதவீத ஆசை கிடக்கிறது என்றுகூடச் சொல்வேன், கணக்கெல்லாம் என் சொந்தக் கணக்கு.

சிற்பத்தில் கதை வேறு. களிமண் ஏற்றும் முன்பே உள்ளே கம்பிக்கூடு கட்ட வேண்டும். இடுப்பு எங்கே ஒடிகிறது, தோள் எந்தப் பக்கம் தாழ்கிறது என்பதைக் கம்பியில் தீர்மானிக்காவிட்டால் மேலே எத்தனை கிலோ மண் அப்பினாலும் உருவம் விறைத்தே நிற்கும். ஆசையைப் பிடிக்க வேண்டிய இடம் அந்தக் கம்பி. நம் பிள்ளைகளுக்கோ தேதி நெருங்குகிறது. கம்பி நேராகவே நிற்கிறது. அதன்மேல் முகபாவம், நரம்பு, கண்ணீர்த்துளி எல்லாம் சேர்கின்றன. பிறகு பிளாஸ்டரில் அச்சு, ஃபைபரில் வார்ப்பு, மேலே வெண்கல நிறத்தில் பெயிண்ட். தூரத்தில் பார்த்தால் சிலை. முதுகுப்பக்கம் போய்ப் பாருங்கள், ஒன்றுமே இருக்காது. போனில் எடுத்த ஒரே ஒரு போட்டோவைப் பார்த்துச் செய்த உருவத்துக்கு முதுகு எங்கிருந்து வரும்?

மாடல் விஷயமும் இங்கேதான் வருகிறது. பல கல்லூரிகளில் உடுத்திய மாடல்தான், அதிலும் வயதானவர்கள். அதில் தவறே இல்லை. பாரிஸில் மாணவியாக இருந்த அம்ரிதா ஷெர்கில் 1933-இல் வரைந்த 'புரொஃபஷனல் மாடல்' ஓவியத்தில் தளர்ந்த, நோயுற்றாற்போன்ற ஒரு பெண் ஆடையின்றி உட்கார்ந்திருக்கிறாள். பார்க்கிறவனின் ஆசைக்கு அங்கே தீனி இல்லை. வேலைக்காக உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்த உடம்பு அது. ஆசை என்ற தலைப்புக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த பதில் என்று அதைச் சொல்லலாம். மும்பைக் கலைப்பள்ளியில் நிர்வாண மாடலாக உட்காரும் பெண்ணைப் பற்றி ரவி ஜாதவ் எடுத்த 'நியூட்' என்ற மராட்டிப் படம், 2017 கோவாத் திரைப்பட விழாவின் இந்தியன் பனோரமா பட்டியலிலிருந்து கடைசி நேரத்தில் நீக்கப்பட்டது. வகுப்பறைக்குள் அரசு அனுமதிக்கிற உடம்பைத் திரையில் பார்க்க அதே அரசுக்குக் கூச்சம்.

இந்தக் கூச்சம்தான் இம்முறையின் பெரிய ஓட்டை. ஆசையைச் செய் என்று தலைப்புக் கொடுக்கிற நிறுவனம், செய்துவிட்டால் கூட நிற்குமா? 2007 மே மாதம் பரோடா எம். எஸ். பல்கலைக்கழகத்தில் ஒரு முதுகலை மாணவர் ஆண்டுத் தேர்வுக்காகக் காட்சிக்கு வைத்த படைப்புகளைக் காட்டி, வெளியிலிருந்து வந்தவர்கள் ரகளை செய்தார்கள். கைதானவர் மாணவர். மற்ற மாணவர்கள் எதிர்ப்பாகச் செய்தது அழகான காரியம்: நம் கோயில் சிற்பங்களிலும் பழைய ஓவியங்களிலும் உள்ள காமக் காட்சிகளின் படங்களை எடுத்து ஒரு கண்காட்சி வைத்தார்கள். அதை மூடச் சொன்னது நிர்வாகம். மறுத்த பொறுப்பு டீன் சிவாஜி பணிக்கர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். தேர்வு என்பது ஆசிரியருக்கும் மாணவருக்கும் நடுவே நடப்பது. பாதி வெந்த படைப்பும் தவறான படைப்பும் அங்கே வரத்தான் செய்யும். அதற்குக்கூட காவல் இல்லையென்றால் பிள்ளைகள் விட்டிலையும் கூண்டையும் தேடி ஓடுவது பயத்தினால்தான். குறியீடு அவர்களுக்குக் கேடயம். அதைச் சோம்பல் என்று மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

திரும்பக் கார்லாவுக்கு வருவோம். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழைய பௌத்தச் சைத்தியம். பாறையில் குடைந்தவற்றில் நாட்டிலேயே பெரியது. உள்ளே விதானத்தில் பழைய மர வளைவுகள் இன்னும் இருக்கின்றன. வாசலை ஒட்டியே கோலி மக்கள் கும்பிடும் ஏக்வீரா தேவி கோயில். விசேஷ நாளில் நெரிசல் தாங்காது. அந்த நெரிசலை விலக்கிக்கொண்டு முகப்பு இணைகளின் முன்னால் நின்று பார்க்க வேண்டும். ஆளுயரப் பருத்த உடல்கள், கனத்த தண்டை, இடையில் மேகலை. கை தோள்மேல் கிடக்கிறது. முத்தமோ கலவியோ எதுவும் நடக்கவில்லை. இருவரும் நம்மைப் பார்த்து நிற்கிறார்கள், ஆனாலும் ஒருவர் பக்கத்தில் ஒருவர் இருப்பதன் சுகம் இருவர் உடம்பிலும் தெரிகிறது. அவளுக்கும் தலை இருக்கிறது. இப்படிப்பட்ட இணைகளில் ஒன்றைக் கொடையாகக் கொடுத்தவர் ஒரு பிக்கு என்று அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. துறந்தவர் பணத்தில் நிற்கும் காதலர்கள்! சில நூற்றாண்டுகள் கழித்து வந்தவர்கள் நடுநடுவே புத்தரைச் செதுக்கினார்கள். ஜோடிகளை யாரும் இடித்துத் தள்ளவில்லை.

ஆசை என்ற தலைப்பை எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வைத்திருங்கள். ஆனால் அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதும் முன்னால் ஒரு நாள் வேண்டும். கான்செப்ட் நோட் கேட்காமல், ஆளுக்கொரு சின்னத் தாளும் கரித்துண்டும் கொடுத்து, காலையிலேயே அவர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். முகம் வரைய வேண்டாம். தோள், கை, கால் மட்டும் போதும். எடை எங்கே இறங்குகிறது என்று அவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள். தளேகாவில் லோக்கல் ஏறினால் வட்காவ், கான்ஹே, காம்ஷேத், அடுத்தது மளவ்லி.