இருபத்தெட்டுக்குள் அடங்காத படை

ருஷ்ய யுத்த இலக்கியம் என்றாலே நம்மவர்களுக்கு டால்ஸ்டாயின் ‘போரும் அமைதியும்’ ஒன்றுதான் ஞாபகத்துக்கு வரும். அதற்கு அப்புறம் அந்த மொழியில் எழுதப்பட்ட போர் நூல்களில் முன்வரிசையில் வைக்க வேண்டியது அலெக்சாந்தர் பேக் எழுதிய ‘வொலகலாம்ஸ்க் நெடுஞ்சாலை’ என்பது என் தாழ்மையான கருத்து. 1943, 1944 ஆண்டுகளில் ‘ஸ்னாமியா’ என்ற இலக்கியப் பத்திரிகையில் முதலில் வந்தது. மாஸ்கோவில் அச்சான அதன் ஆங்கிலப் பதிப்பை நம் நாட்டிலும் பலர் படித்திருக்கிறார்கள். இந்த நாவல் ஒரு காலாட்படை டிவிஷனைப் பற்றியது. அதே டிவிஷனைப் பற்றி, அதே யுத்த காலத்தில், ஒரு செய்தித்தாள் வேறொரு கதை கட்டியது. நாவலை விட அந்தக் கதைதான் உலகப் புகழ் பெற்றது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

படையின் வரலாறு

முதலில் படையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1941 ஜூலையில், ஜெர்மனி படையெடுத்த மூன்றே வாரத்தில், கஜகஸ்தானின் அல்மா-ஆதா நகரில் 316-வது காலாட்படை டிவிஷன் திரட்டப்பட்டது. கஜாக்கியர், கிர்கீஸியர், ருஷ்யர், உக்ரேனியர் என்று சுமார் 11 ஆயிரம் பேர். பெரும்பாலோர் விவசாயிகளும் தொழிலாளிகளும். துப்பாக்கி பிடித்துப் பழகாதவர்களே அதிகம். தளபதி மேஜர் ஜெனரல் இவான் பன்ஃபீலோவ். முதல் உலகப்போரைப் பார்த்தவர், உள்நாட்டுப் போரில் சப்பாயெவின் டிவிஷனில் இருந்தவர், அதன்பின் கிர்கீஸியாவில் ராணுவக் கமிஸாராக இருந்தவர்.

அக்டோபரில் ஜெர்மானியர் மாஸ்கோவை நெருங்கியபோது இந்தப் படையை வொலகலாம்ஸ்க் பகுதியில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கணக்குப் பாருங்கள். அன்றைய ராணுவ விதிப்படி ஒரு டிவிஷன் தற்காப்புக்கு நின்றால் அகலம் எட்டிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர்தான் இருக்கணும். பன்ஃபீலோவுக்குக் கொடுத்தது 41 கிலோமீட்டர். எதிரே டாங்கிப் படைகள். அக்டோபர் 27-ல் வொலகலாம்ஸ்க் நகரம் போய்விட்டது. ஆனால் படை கலையவில்லை. பின்வாங்கிப் பின்வாங்கி, ஒவ்வொரு கிராமத்திலும் எதிரியின் நேரத்தைத் தின்றுகொண்டே போனது. நவம்பர் 16-ல் ஜெர்மானியர் மறுபடி பெரிய தாக்குதல் தொடுத்தார்கள். அந்த நாட்களிலேயே இந்த டிவிஷனுக்கு ‘காவல்படை’ என்ற கௌரவம் கிடைத்து, 8-வது காவல் காலாட்படை டிவிஷன் ஆயிற்று. நவம்பர் 18-ல் குசேனவோ கிராமத்தில் குண்டுச்சிதறல் பட்டு பன்ஃபீலோவ் இறந்தார். சில நாளில் அவர் பேரையே படைக்கு வைத்தார்கள்.

பிற்பாடு இந்தப் படை 1944-ல் லாட்வியாவின் ரெஜித்ஸா நகரை மீட்டது. யுத்தத்துக்குப் பின் எஸ்தோனியாவில் இருந்தது. 1967-ல் கிர்கீஸியாவுக்கு மாறி, சோவியத் நாடு உடைந்தபின் 1992-ல் கிர்கீஸ்தான் ராணுவத்தின் வசம் போனது. இதெல்லாம் யாருக்கும் தெரியாது. தெரிந்தது ஒரே ஒரு எண்: இருபத்தெட்டு.

பத்திரிகை போட்ட கழித்தல் கணக்கு

செஞ்சேனையின் நாளிதழ் ‘கிராஸ்னயா ஸ்வெஸ்தா’, அதாவது செந்நட்சத்திரம். 1941 நவம்பர் 28-ல் அதில் கிரிவீத்ஸ்கி என்பவர் தலையங்கம் எழுதினார். துபசேகவோ என்ற ரயில் நிறுத்தத்தின் அருகே 28 வீரர்கள் 18 டாங்கிகளை அழித்துவிட்டு ஒருவர் விடாமல் மாண்டார்கள் என்பது செய்தி. 1942 ஜனவரி 22-ல் பேர்களோடு இன்னொரு நீண்ட கட்டுரை வந்தது. ருஷ்யா பெரிய தேசம்தான், ஆனால் பின்வாங்க இடமில்லை, பின்னால் மாஸ்கோ என்ற பொருளில் கமிஸார் கிளச்கோவ் சொன்னதாக அதில் வந்த வாசகம் நாடெங்கும் பரவியது. ஜூலை 21-ல் 28 பேருக்கும் ‘சோவியத் யூனியன் வீரர்’ பட்டம், மரணத்துக்குப் பின் என்ற குறிப்போடு. பள்ளிப் பாடம், தெருப் பெயர், அல்மா-ஆதாவில் பூங்கா, 1975-ல் துபசேகவோவில் பிரம்மாண்டமான சிலைகள் எல்லாம் வந்தன. மாஸ்கோ நகரின் அதிகாரப்பூர்வப் பாட்டிலும் இந்த எண் இருக்கிறது.

1947-ல்தான் சிக்கல் வந்தது. ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது போலீஸ் வேலை பார்த்ததற்காக உக்ரேனின் கார்க்கிவ் வட்டாரத்தில் தொப்ரபாபின் என்ற ஆள் பிடிபட்டார். பார்த்தால் அவர் மாண்டுபோன 28 பேரில் ஒருவர். 28 பேரைப் பற்றிய புத்தகம் ஒன்றும் அவர் வசம் இருந்ததாம். ராணுவ வழக்குத் துறை முழுக்க விசாரித்தது. தலைமை ராணுவ வழக்கறிஞர் அஃபனாசியெவ் 1948 மே மாதம் அறிக்கை கொடுத்தார். இந்தக் கதை நிருபர் கரத்தேயெவ், ஆசிரியர் ஒர்தென்பெர்க், கிரிவீத்ஸ்கி மூவரின் கற்பனை என்பது அதன் முடிவு.

28 என்ற எண் எப்படி வந்தது என்பதுதான் என்னைப்போல் கடைக் கணக்கு எழுதிப் பழகியவனுக்கு மூச்சு நின்றுபோகிற இடம். ஒரு கம்பெனி டாங்கிகளோடு மோதியது என்று கேள்விப்பட்டு வந்த நிருபரிடம், கம்பெனியில் எத்தனை பேர் என்று ஆசிரியர் கேட்டார். முப்பது, நாற்பது இருக்கலாம் என்றார் நிருபர். இரண்டு பேர் சரணடையப் போனார்கள் என்றும் சொன்னார். முப்பதில் இரண்டு போக இருபத்தெட்டு! அப்புறம் துரோகி இரண்டு பேர் என்றால் ஜாஸ்தி, ஒருவர் போதும் என்று ஆசிரியர் குறைத்தார். ஆனால் இருபத்தெட்டை மாற்றவில்லை. களத்துக்கு யாரும் போகாமல், மேசையிலேயே முடிந்த கணக்கு இது. கிளச்கோவின் வாசகமும் தம் கற்பனைதான் என்று விசாரணையில் கிரிவீத்ஸ்கி ஒப்புக்கொண்டார்.

நிஜத்தில் என்ன நடந்தது? 1075-வது ரெஜிமெண்டின் தளபதி கப்ரோவ் சாட்சி சொன்னார். 28 பேர் தனியாகப் போரிட்ட சம்பவம் ஏதும் இல்லை, நாலாவது கம்பெனி முழுசாக நின்று போரிட்டது, அதில் 120-லிருந்து 140 பேர் இருந்தார்கள், நூறு பேருக்கு மேல் மாண்டார்கள் என்றார். பேர்ப்பட்டியல், கம்பெனிக் கேப்டன் ஞாபகத்திலிருந்து சொன்னது. ஆஸ்பத்திரியில் சாகுந்தறுவாயில் இந்தக் கதையைச் சொன்னதாக எழுதப்பட்ட நதாரொவ், சண்டைக்கு இரண்டு நாள் முன்பே இறந்தவர் என்று ஆவணங்கள் காட்டின. ஷெமியாகின், வசீலியெவ் இருவரும் படுகாயத்தோடு பிழைத்திருந்தார்கள். இன்னொரு கஜாக் வீரர் உயிரோடு வந்துவிட்டதால் அவர் பேரை எடுத்துவிட்டு, 1942 ஜனவரியில்தான் படையில் சேர்ந்த வேறொருவர் பேரைப் பட்டத்தில் போட்டார்கள்.

அறிக்கையைப் பூட்டி வைத்தார்கள். 1966-ல் ‘நோவி மீர்’ பத்திரிகையில் கார்தின் என்ற விமர்சகர் சந்தேகம் எழுப்பியபோது பிரெஷ்னெவே கோபப்பட்டார். 2015-ல் ருஷ்ய அரசு ஆவணக் காப்பகத்தின் இயக்குநர் மிரனேன்கோ அந்த அறிக்கையை முழுசாக வெளியிட்டார். கலாசார அமைச்சர் கண்டித்தார். மறுவருஷம் மிரனேன்கோ அந்தப் பதவியில் இல்லை. அதே 2016-ல் ஜனங்களிடம் வசூல் செய்து எடுத்த ‘பன்ஃபீலோவின் 28 வீரர்கள்’ திரைப்படம் வந்து நன்றாக ஓடியது.

நாவல் சொல்வது என்ன?

இப்போது பேக்கின் நாவலுக்கு வருவோம். கதை சொல்பவர் 1073-வது ரெஜிமெண்டின் பட்டாலியன் தளபதி பவுர்ஜான் மோமிஷ்உலி. நிஜமான ஆள், கஜாக்கியர். எழுத்தாளரிடம் ஆரம்பத்திலேயே நிபந்தனை போடுகிறார்: பொய் எழுதினால் கையை வெட்டிவிடுவேன் என்று. இது வெறும் வீறாப்பு இல்லை. நாவல் முழுவதற்கும் இதுதான் அஸ்திவாரம்.

பேக் எடுத்துக்கொண்ட விஷயம் வீரம் இல்லை, பயம். பயப்படாத சிப்பாய் உண்டு என்பதையே மோமிஷ்உலி ஒத்துக்கொள்வதில்லை. ஜெர்மானியனை ஒரு தடவைகூடப் பார்க்காத ஆட்களின் மனசில் அவன் ராட்சசனாக வளர்ந்து நிற்கிறான். அந்தப் பயத்தைக் கொல்வதற்காகவே நூறு பேரைப் பொறுக்கி செரெதா கிராமத்தின்மேல் ராத்திரித் தாக்குதலுக்கு அனுப்புகிறார். ஓடுகிற ஜெர்மானியனைப் பார்த்துவிட்டு வந்த நூறு பேர் மற்றவர்களுக்குச் சொல்லச் சொல்ல, ஒரு பட்டாலியன் உருவாகிறது. சோறு, காலணி, அகழி, மேலங்கியில் பட்டன், சல்யூட் என்று சின்னச் சின்ன விஷயங்களால் படை எப்படிக் கட்டப்படுகிறது என்று இவ்வளவு நுணுக்கமாக எழுதிய நூலை நான் பார்த்ததில்லை.

அடுத்து பன்ஃபீலோவின் பாத்திரம். கொஞ்சம் கூனல், மெல்லிய குரல், எதிராளியின் கருத்தைக் கேட்டுக்கேட்டு யோசிக்கும் கிழவர். பட்டாலியனோடு சாகத் தயார் என்கிற தோரணையில் இளம் தளபதி பேசும்போது அவருக்குப் பிடிப்பதில்லை. சாவதற்கு அவசரப்படாதே, சண்டை போடக் கற்றுக்கொள் என்பதுதான் அவர் பாடம். சிப்பாய்களைக் காப்பாற்று, இவர்களை விட்டால் மாஸ்கோவுக்கு முன்னால் வேறு ஆள் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். அவர் வகுத்த முறையும் அதற்கேற்றதுதான். சாலையில் ஒரு சின்னக் குழு எதிரியை அடிக்கும், விலகி ஓடும், மறுபடி முன்னால் போய் அதே சாலையில் அடிக்கும். சுருள்வில் மாதிரி. ஓடுவதும் போரின் ஒரு பகுதி ஆகிவிடுகிறது.

இங்கேதான் இரண்டு கதைகளும் எதிரெதிராக நிற்கின்றன. பத்திரிகைக் கதைக்கு எல்லாரும் சாகணும். ஒரு ஆள் பிழைத்தாலும் கதை கெட்டுப்போகும், பட்டியலைத் திருத்த வேண்டிவரும். பன்ஃபீலோவுக்கோ ஒவ்வொரு ஆளும் நாளைக்கும் வேணும். ஆகவே 28 பேர் கதை அவருடைய பேரைச் சொல்லிக்கொண்டே அவருடைய பாடத்தைத் தலைகீழாக்கிவிட்டது என்பேன்.

குறையும் உண்டு

நாவலை ஒரேயடியாகப் புகழ்ந்துவிடவும் கூடாது. பரம்பாயெவ் என்ற சார்ஜெண்ட், இவரும் கஜாக்கியர், சண்டைக்குப் பயந்து தம் கையையே சுட்டுக்கொள்கிறார். மோமிஷ்உலி முதலில் அவரை மன்னித்ததாகச் சொல்கிறார். மேலங்கியைப் போட்டுக்கொள், வரிசைக்குப் போ என்றதாகவும் ஆட்களின் முகம் மலர்ந்ததாகவும் சொல்கிறார். அடுத்த கணமே, இல்லை, அப்படி நடக்கவில்லை, அப்படி நடந்திருக்கலாமே என்று நான் ஆசைப்பட்டேன், நிஜத்தில் சுடச் சொன்னேன் என்கிறார். நாவலின் மிக உயர்ந்த இடம் இது. ஆசையையும் நடந்ததையும் தனித்தனி ஏட்டில் எழுதுகிற நேர்மை இதில் இருக்கிறது. ஆனாலும் சுடப்பட்டவர் பக்கம் பேச நாவலில் யாருமில்லை. கட்டளை இட்டவர் குரல் மட்டுமே கேட்கிறது. ஓர் உயிரை எடுத்ததற்கு ஒழுங்கு என்ற ஒரு காரணம் போதுமா என்று படிப்பவர் மனசு அடித்துக்கொள்கிறது. பேக் அந்தக் கேள்வியை நம்மிடம் விட்டுவிட்டுப் போய்விடுகிறார்.

இன்னொன்று. உயிரோடிருந்த மனிதரின் நிஜப் பேரை நாவலில் வைத்தது. மோமிஷ்உலிக்கே இந்த நூல் திருப்தி தரவில்லை. தம் போர் அனுபவத்தை அவர் தாமே தனியாக எழுதினார். அவர் 1982-ல் காலமானார். ‘சோவியத் யூனியன் வீரர்’ பட்டம் அவருக்குக் கிடைத்தது 1990-ல்! கற்பனைக் கணக்குக்கு எட்டு மாதத்தில் கிடைத்த பட்டம், களத்தில் நின்றவருக்கு அரை நூற்றாண்டு ஆயிற்று.

பொய் நன்மை செய்ததா?

ஒரு ஆட்சேபம் வரும். மாஸ்கோ விழப்போகிற நேரம், ஜனங்களுக்குத் தைரியம் வேண்டாமா, அந்தப் பொய்யால் நன்மைதானே என்று கேட்பார்கள். வள்ளுவரே வாய்மை அதிகாரத்தில் இதற்கு இடம் கொடுத்திருக்கிறார் என்றும் சொல்வார்கள். கொடுத்திருக்கிறார், ஆனால் குற்றமற்ற நன்மை விளையுமானால் என்று ஒரு நிபந்தனையும் போட்டிருக்கிறார். இந்தப் பொய் அந்த நிபந்தனையில் தேறுமா?

1941 நவம்பரில் அது தைரியம் கொடுத்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் நாலாவது கம்பெனியில் மாண்ட நூற்றுச் சொச்சம் பேரில் இருபத்தெட்டுக்கு வெளியே நின்றவர்களுக்குச் சிலையும் இல்லை, பாட்டும் இல்லை. அவர்கள் வீட்டுக்குப் போனது ஒரு காகிதம்தான். பக்கத்துக் கம்பெனிகள், மற்ற இரண்டு ரெஜிமெண்டுகள், பீரங்கிக்காரர்கள் எல்லாருமே அந்த எண்ணுக்குப் பின்னால் மறைந்துபோனார்கள். உண்மை தெரிந்த 1948-லாவது பட்டியலை விரித்து எல்லார் பேரையும் எழுதியிருக்கலாம். பூட்டி வைத்தார்கள். அதன் விளைவு இன்னும் மோசம். 28 பேர் கதை பொய் என்றதும், சண்டையே நடக்கவில்லை போலிருக்கிறது என்று பேசுகிறவர்கள் கிளம்பிவிட்டார்கள். கள்ளக் கணக்கு ஒன்று பிடிபட்டால் நல்ல கணக்கையும் யாரும் நம்பமாட்டார்கள். இது எந்தக் கடைக்காரருக்கும் தெரிந்த விஷயம்.

41 கிலோமீட்டர் நீளத்தில், பழகாத கைகளோடு, ஒரு மாதத்துக்கு மேல் டாங்கிகளுக்கு முன்னால் நின்றது சுமார் 11 ஆயிரம் பேர் கொண்ட படை. இந்த மெய்க்கு எந்த அலங்காரமும் தேவையில்லை. செய்தி என்ற பேரில் வந்த கதை அதைச் சுருக்கியது. கதை என்ற பேரில் வந்த நாவல் அதன் பயத்தையும் உழைப்பையும் ஓரளவு முழுசாகவே காட்டியது. வெளி மாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகள் ஆங்கிலத்திலோ ஹிந்தியிலோ யுத்தக் கதைகளைப் படிக்கும்போது, இதில் செத்தவர்கள் எத்தனை, பிழைத்தவர்கள் எங்கே போனார்கள், இந்த எண்ணை யார் எண்ணினார்கள் என்று கேட்கப் பழக வேண்டும். ‘வொலகலாம்ஸ்க் நெடுஞ்சாலை’யை அந்தப் பழக்கத்துக்கு முதல் பாடமாகத் தாராளமாகக் கொடுக்கலாம்.